மூணு டிரைவ் இருக்கு... பேக்கப் இருக்கா?

கம்ப்யூட்டரைத் திறந்தால் சி, டி, இ என்று மூன்று டிரைவ்கள் வரிசையாக நிற்கும். சி-யில் விண்டோஸ். டி-யில் படங்களும் பாட்டுகளும். இ-யில் அப்பாவின் பென்ஷன் பேப்பர்கள் தொடங்கி அக்காவின் கல்யாண வீடியோ வரை எல்லாம். கொஞ்சம் முன்ஜாக்கிரதையான வீடு என்றால், டி-யில் இருக்கும் போட்டோ ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து இ-யிலும் ஒட்டி வைத்திருப்பார்கள். 'ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குல்ல!'

இருக்காது. பெரும்பாலான வீடுகளில் அந்த மூன்றும் ஒரே ஹார்டு டிஸ்க்தான்.

சிஸ்டத்தை அசெம்பிள் செய்து கொடுத்தவர் ஒரு டிஸ்க்கை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். அதில் தப்பில்லை. நாளைக்கு விண்டோஸ் படுத்துவிட்டால் சி-யை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், போட்டோக்களைத் தொட வேண்டாம் என்பதற்காகச் செய்வது அது. ஆனால், ஒரே வீட்டுக்குள் மூன்று அறைகள் கட்டியதுபோலத்தான். கூரை இறங்கினால் மூன்று அறைக்கும் சேர்த்தேதான் இறங்கும்.

உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஸ்டார்ட் பட்டன் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறங்கள். கீழ்ப்பகுதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசைகள் தெரியும். ஒரு வரிசை என்றால் ஒரு டிஸ்க். சி, டி, இ மூன்றும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளாக இருந்தால், உங்களிடம் பேக்கப் இல்லை. ஒரே போட்டோ இரண்டு தடவை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பிக்ஸாரைக் காப்பாற்றிய வீட்டு கம்ப்யூட்டர்

'நாம சின்ன ஆளுங்க, நம்ம டிஸ்க் ஏன் போகப்போகுது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெரிய இடத்துக் கதை. 1998. பிக்ஸார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் ஒரு கட்டளையைக் கொடுத்துவிடுகிறார். 'இதற்குக் கீழே இருப்பதையெல்லாம் அழி' என்று பொருள்படும் கட்டளை. தொழில்நுட்பக் குழுவில் இருந்த ஓரன் ஜேக்கப்பும் கூட இருந்தவர்களும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வுட்டி பொம்மையின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஓடிப்போய் மெயின் கம்ப்யூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்குகிறார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது. எடுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது, அது ஒழுங்காகவே வேலை செய்திருக்கவில்லை என்று.

காப்பாற்றியது ஒரு தாய். படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த கேலின் சஸ்மன் அப்போதுதான் குழந்தை பெற்றிருந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் ஒரு நகலை வீட்டு கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அது கொஞ்சம் பழைய நகல். ஆனாலும் உயிர் இருந்தது. காரில் போய், அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஆபீஸுக்குக் கொண்டு வந்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது. (இவ்வளவு பாடுபட்டு மீட்ட பிறகு, கதை சரியில்லை என்று படத்தின் பெரும்பகுதியை மறுபடியும் புதிதாக எடுத்தார்கள் என்பது தனி சோகம்.)

அந்த நகல் ஏன் தப்பித்தது? ஆபீஸ் கம்ப்யூட்டரோடு அது இணைக்கப்பட்டிருக்கவில்லை. அழிக்கும் கட்டளைக்கு அது எட்டாத இடத்தில், வேறொரு வீட்டில் இருந்தது. வீட்டு கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று டிஸ்க் போடுகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இந்த 'எட்டாத தூரம்'தான். எத்தனை டிஸ்க் என்ற கணக்கு அதற்குப் பிறகு.

எந்த டிஸ்க்குக்கு எந்த வேலை?

வீட்டு கம்ப்யூட்டருக்கு இன்றைக்குப் பொருத்தமான அமைப்பு ரொம்ப எளிமையானது. வேலை செய்ய ஒரு டிஸ்க், சேர்த்துவைக்க ஒரு டிஸ்க், நகல் எடுக்க ஒரு டிஸ்க். இந்த மூன்றாவது, கேபினெட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் எஸ்எஸ்டி-யில் இருக்கட்டும். வழக்கமான ஹார்டு டிஸ்க் ஒரு நொடிக்கு 150 முதல் 200 எம்பி வரை படிக்கும் என்றால், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி-யைத் தாண்டும். மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை, ஆயிரக்கணக்கில் போகும். பழைய சிஸ்டத்துக்குப் புது உயிர் வேண்டுமென்றால் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுதான். 500 ஜிபி தாராளம். 'பெருசா வாங்கி எல்லாத்தையும் அதுலயே போட்டுடலாமே' என்று தோன்றும். வேண்டாம். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்தான் அடிக்கடி அழிக்கப்படும், மாற்றப்படும், வைரஸ் வந்தால் முதலில் அடிவாங்கும். குடும்பத்தின் போட்டோக்களை அங்கே குடிவைக்கக் கூடாது.

சேர்த்துவைக்க, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க். என்ன அளவு என்று யோசிப்பவர்கள் கையிலிருக்கும் போனிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். ஐபோனில் 4கே வீடியோவை நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 400 எம்பி. குழந்தையின் ஆண்டு விழாவை ஒரு மணி நேரம் பிடித்தால் 24 ஜிபி. போட்டோ ஒன்று 4 எம்பி என்று வைத்தால், 30,000 போட்டோக்கள் 120 ஜிபி-யில் அடங்கிவிடும். அதாவது, இடத்தைத் தின்பது வீடியோதான். இன்னொன்று, 1 டிபி என்று வாங்கிவந்த டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. 4 டிபி வாங்கினால் கையில் நிற்பது சுமார் 3.6 டிபி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹார்டு டிஸ்க் கேட்டால் திரும்பி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

"தம்பி, சிசிடிவிக்கா... சிஸ்டத்துக்கா?"

"சிஸ்டத்துக்குதாண்ணே."

இந்த பதிலை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கண்காணிப்பு கேமராவுக்கான டிஸ்க்குகள் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. சிஸ்டத்திலும் அவை ஓடும். ஆனால், அவற்றின் முக்கியக் கவலை வீடியோ தடைபடாமல் பதிவாக வேண்டும் என்பது. உங்கள் கவலை ஒரு போட்டோகூட கெட்டுப்போகக் கூடாது என்பது. விலை பாதிக்குப் பாதி என்று நீட்டப்படும் 'ரீஃபர்பிஷ்டு' டிஸ்க்குகளும் அங்கே நிறைய உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அது ஏற்கெனவே எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஒரு வருடம் இடைவிடாமல் ஓடினால் 8,760 மணி நேரம். திரையில் 40,000 என்று வந்தால், அந்த டிஸ்க் நாலரை வருடம் எங்கேயோ உழைத்துவிட்டு வந்திருக்கிறது. அந்த எண்ணையே அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், சந்தேகம் இருந்தால் புதிதே மேல்.

கேபினெட்டைத் திறந்த பிறகு...

மாட்டும் வேலை கஷ்டமில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு கேபிள். அகலமானது பவர் சப்ளையிலிருந்து வரும் கரன்ட் கேபிள், குறுகலானது மதர்போர்டுக்குப் போகும் சாட்டா கேபிள். கரன்ட் கேபிள் போதவில்லை என்று பழைய நான்கு முள் பிளக்கிலிருந்து மாற்றித் தரும் மலிவு அடாப்டர்களைப் போடுவதுதான் ஆபத்து. மொத்தமாக பிளாஸ்டிக்கில் வார்த்து வரும் அந்த வகை அடாப்டர்கள் உருகிப் புகைந்த கதைகள் ஏராளம். பவர் சப்ளையில் இருக்கும் நேரடி கேபிளையே பயன்படுத்துங்கள்.

புதிதாக என்விஎம்இ எஸ்எஸ்டி-யைச் செருகியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் பதற வேண்டாம். சில மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்றில் ஆள் ஏறினால் இன்னொன்று மூடிக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் திரும்பிவிடும். எந்த போர்ட் என்பது மதர்போர்டு புத்தகத்தில் இருக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. புது எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கட்டாயம். ஏன்? விண்டோஸை எஸ்எஸ்டி-யில் போடச் சொன்னாலும், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் சின்னப் பகுதியை அது பழைய ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடுவது உண்டு. அப்போது எதுவும் தெரியாது. எல்லாம் ஓடும். இரண்டு வருடம் கழித்து பழைய டிஸ்க்கைக் கழற்றும் நாளில், புது எஸ்எஸ்டி-யும் சேர்ந்து எழுந்திருக்காது. இதைவிட மோசம், போட்டோ இருக்கும் டிஸ்க்கை அவசரத்தில் 'இதுதான் புதுசு' என்று ஃபார்மேட் செய்துவிடுவது. கேபிள் கழன்று கிடக்கும் டிஸ்க்கை யாராலும் ஃபார்மேட் செய்ய முடியாது.

கேபினெட்டை மூடுவதற்கு முன் ஒரு மார்க்கர் பேனா எடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகள், வாங்கிய மாதம், வேலை என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு டிஸ்க்குகள் இரண்டு இருக்கும் பெட்டியில், கெட்டுப்போனதை எடுக்கிறேன் என்று நல்லதைக் கழற்றித் தூக்கிப்போடுவது ரொம்ப சுலபம். திரைக்குள்ளும் 'நியூ வால்யூம்' என்ற பெயரை மாற்றி 'குடும்பம்', 'நகல்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். 2 டிபி-க்கு மேலான டிஸ்க்கை முதன்முதலில் திறக்கும்போது எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு வாய்ப்பு கேட்கும். ஜிபிடி-யைக் கொடுங்கள். எம்பிஆர் கொடுத்தால் 2 டிபி-க்கு மேலான இடம் கண்ணுக்கே தெரியாது.

இரண்டு டிஸ்க்குகளை முட்டி முட்டி மாட்டாமல் நடுவில் ஒரு தட்டு இடைவெளி விடுவதும், நான்கு திருகாணிகளையும் போடுவதும் நல்லது. சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவில், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளிதான். ஓடிக்கொண்டிருக்கும்போது வீடு பெருக்க கேபினெட்டைக் காலால் தள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இதையெல்லாம் செய்வதில் பாதிப் பயன்தான்.

கண்ணாடி வைத்தால் போதுமா?

டிஸ்க் இரண்டு வந்ததும் கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவர் சொல்லுவார், "ரெய்டு போட்டுடு மச்சி!"

வருமான வரி ரெய்டு இல்லை. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்கு பதில், விலை குறைந்த பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல வேலை வாங்கலாம், ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி அமைக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அதன் சுருக்கப் பெயர்தான் ரெய்டு. அதில் பல எண்கள் உண்டு. வீட்டில் பேசப்படுவது இரண்டு.

ரெய்டு 1 என்பது கண்ணாடி. ஒரு டிஸ்க்கில் எழுதும் எல்லாமே அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தொடர்ந்து ஓடும். ரெய்டு 0 என்பது, ஒரு ஃபைலை இரண்டாகக் கிழித்துப் பாதியை இதிலும் பாதியை அதிலும் போடுவது. வேகம் கூடும், ஆனால் இரண்டில் எது செத்தாலும் எல்லாமே போச்சு. அதாவது, இரண்டு டிஸ்க் வாங்கி ஆபத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளும் வழி. வீட்டு போட்டோக்களுக்கு இதைப் பரிந்துரைப்பவரை அடுத்த முறை டீ குடிக்கக்கூட அழைக்க வேண்டாம்.

ரெய்டு 1 நல்லதுதானே? நல்லதுதான், நிற்காமல் ஓட வேண்டிய இடத்துக்கு. கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் நடுமத்தியானம் நிற்கக் கூடாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். வீட்டில் கல்யாண வீடியோவை இன்றே பார்க்க முடியாவிட்டால் நாளை பார்க்கலாம். வீட்டுக்கு வரும் பிரச்னை வேறு மாதிரி. பையன் கேம்ஸுக்கு இடம் வேண்டுமென்று ஒரு ஃபோல்டரை அழிக்கிறான். கண்ணாடியிலும் அழிகிறது. பெரியப்பா ஒரு மெயிலைத் திறக்க, வைரஸ் எல்லாவற்றையும் பூட்டுகிறது. கண்ணாடியிலும் பூட்டப்படுகிறது. பவர் சப்ளை வெடித்து இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்துத் தப்பான மின்சாரம் போகிறது. கண்ணாடியும் உடைகிறது. போதாக்குறைக்கு, ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய இரண்டு டிஸ்க்குகள், ஒரே மாதிரி ஓடி, ஒரே சமயத்தில் தளர்வதற்கும் வாய்ப்பு அதிகம்.

2017 மே மாதம் வந்த 'வான்னாக்ரை' ஞாபகமிருக்கும். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களின் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கோடு அது நிற்கவில்லை. செருகியிருந்த வெளி டிரைவ்களையும் தேடிப் பூட்டியது. அதனால்தான், பேக்கப் டிஸ்க்கை யூஎஸ்பி-யில் நிரந்தரமாகச் செருகியே வைத்திருப்பதும் அரைப் பாதுகாப்புதான்.

நேற்றைய நகல் வேண்டும்

கேபினெட்டுக்குள் இரண்டாவது ஹார்டு டிஸ்க் போட்டாயிற்று என்றால், அதைக் கண்ணாடியாக்காமல், விண்டோஸில் இருக்கும் 'ஃபைல் ஹிஸ்டரி'யிடம் கொடுங்கள். கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது, தனியாகக் காசு கிடையாது. அது சொல்லிவைத்த ஃபோல்டர்களை மணிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, மாறியதை மட்டும் காப்பி எடுக்கும். பழைய காப்பியை அழிக்காது. செவ்வாய்க்கிழமை அழித்ததை வெள்ளிக்கிழமை உணர்ந்தாலும், திங்கட்கிழமை எப்படி இருந்ததோ அப்படி எடுத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றைத்தான் அது தானாக எடுக்கும். வேறு டிஸ்க்கில் இருக்கும் 'குடும்பம்' ஃபோல்டரை நீங்கள்தான் லைப்ரரியில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோட்டை. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2007-லிருந்தே 'டைம் மெஷின்' இருக்கிறது.

மூன்றாவது டிஸ்க்தான் கேலின் சஸ்மனின் வீட்டு கம்ப்யூட்டர். 2.5 அங்குல யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்று. மாதம் ஒரு முறை செருகு, காப்பி எடு, 'எஜெக்ட்' கொடு, பிடுங்கு. பீரோவில் வைத்துப் பூட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு என்று நாள் குறித்துக்கொண்டால் மறக்காது. இங்கே எஸ்எஸ்டி வாங்காதீர்கள் என்பது பலருக்கும் ஆச்சர்யமாக இருக்கும். நன்றாக உழைத்துத் தேய்ந்த எஸ்எஸ்டி-யை மின்சாரமில்லாமல் வைத்தால், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வரை தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டி-களுக்கான தர அளவுகோல். புது எஸ்எஸ்டி அதைவிட அதிகம் தாங்கும்தான். ஆனால், நம்ம ஊர் மே மாதத்தில் பீரோவுக்குள் 30 டிகிரியா இருக்கும்? பூட்டிவைக்க, பழைய பாணி ஹார்டு டிஸ்க்தான் சரி.

பீரோ போதுமா என்றால், 2015 டிசம்பரைக் கேட்க வேண்டும். சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது கம்ப்யூட்டர், அதற்குள் இருந்த டிஸ்க், பக்கத்து பீரோவில் இருந்த டிஸ்க், ஆல்பம் எல்லாம் ஒரே இரவில் ஒரே தண்ணீரில் நனைந்தன. இழந்த ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் பத்திரத்துக்கும் நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவுக்கு நகல் தர எந்த முகாமாலும் முடியாது. (வெள்ளம் ஹார்டு டிஸ்க்கையும் விட்டதில்லை. 2011-ல் தாய்லாந்தில் டிஸ்க் தொழிற்சாலைகளே மூழ்கி, உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை எகிறியது.)

எனவே, அந்த யூஎஸ்பி டிஸ்க்கில் இரண்டு வாங்கி, ஒன்றை ஊரில் இருக்கும் தாத்தா வீட்டிலோ, கட்டிக்கொடுத்த அக்கா வீட்டிலோ வைத்துவிடலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கிய '3-2-1' விதி சொல்வதும் இதைத்தான். மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகையான இடத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். பண்டிகைக்குப் பண்டிகை ஊருக்குப் போகும் நம் குடும்பங்களுக்கு இது தனிச் செலவே இல்லாத ஏற்பாடு.

கிளவுட் இருக்கிறதே என்பவர்களுக்கு: தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு வெளியூர் நகல்தான். ஆனால், கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது இலவசம் 15 ஜிபி, அதிலேயே மெயிலும் அடங்கும். அந்த ஆண்டு விழா வீடியோ ஒன்றுக்கே போதாது. தவிர, போனில் இடம் வேண்டுமென்று கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு போட்டோவை அழித்தால் கிளவுடிலிருந்தும் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். கண்ணாடிக் கதைதான்.

சாகப்போகிறேன் என்று டிஸ்க் சொல்லுமா?

சில சமயம் சொல்லும். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' நீல நிறத்தில் 'குட்' என்று காட்டுவதற்கு பதில் மஞ்சளில் 'காஷன்' என்று காட்டினால், தாமதிக்காமல் காப்பி எடுக்க வேண்டும். 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். கூகுள் நிறுவனம் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், தானே செய்யும் பரிசோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க்குகள், பிழையே இல்லாதவற்றைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டது. அதே அறிக்கையில் இன்னொரு தகவல், செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், அப்படி எந்த அறிகுறியும் காட்டாமலேயே போயிருந்தன. 'குட்' என்ற நீல நிறத்தை நம்பி பேக்கப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

கிளவுட் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம், தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2023-ல் அவற்றில் செத்துப்போனவை 1.4 சதவீதம். இவ்வளவுதானா என்று தோன்றலாம். அவை குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், யாரும் காலால் தள்ளாத இடத்தில் ஓடும் டிஸ்க்குகள்.

'டிக் டிக்' என்று கேபினெட்டுக்குள் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, யூடியூப் பார்த்து ஃப்ரிட்ஜில் வைப்பது எல்லாம் மீட்க வாய்ப்பிருந்ததையும் கெடுத்துவிடும். தகவல் மீட்டுத் தரும் லேபுக்குக் கொண்டுபோனால் பல்லாயிரம் ரூபாய் கேட்பார்கள், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இருக்காது. அந்தத் தொகையில் ஒரு பகுதிதான் வெளி டிஸ்க்கின் விலை.

பேக்கப் எடுத்தவர்கள் செய்யாமல் விடுவது ஒன்று இருக்கிறது. பிக்ஸாரில் பேக்கப் இல்லாமல் இல்லை, அதைத் திறந்து பார்க்காமல் இருந்தார்கள். அடுத்த முறை யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகும்போது, ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு போட்டோ, ஒரு வீடியோ, ஒரு பிடிஎஃப் என மூன்றை அதிலிருந்து டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்து திறந்து பாருங்கள். வீடியோவை நடுவில் ஓட்டிப் பாருங்கள், முதல் ஃபிரேம் மட்டும் தெரிந்தால் போதாது. முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். பாஸ்வேர்டும் மீட்புச் சாவியும் அதே கம்ப்யூட்டருக்குள் ஒரு நோட்பேடில் இருந்தால், பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

இந்த ஏற்பாடு முழுவதையும் வீட்டில் ஒரே ஒருவர்தான் அறிந்திருப்பார். பெரும்பாலும் அது அப்பா, அல்லது கம்ப்யூட்டர் படித்த மூத்த பிள்ளை. அவர் வெளிநாடு போய்விட்டால், ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், மற்றவர்களுக்கு மேஜைக்கடியில் இருப்பது ஒரு கறுப்புப் பெட்டி மட்டுமே. ஒரு தாளில், எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது, அக்கா வீட்டில் இருப்பது எது, கடைசியாக என்று காப்பி எடுத்தது, பாஸ்வேர்டு என்ன என்பதை எழுதுங்கள். அம்மாவுக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். வீட்டுப் பத்திரமும் இன்ஷூரன்ஸ் பாலிசியும் இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் அதையும் போட்டு, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை இன்னொருவரிடம் சொல்லிவிடுங்கள்.